கரையாத கண்மை தேடி லாபுவுக்கு

மதுரையில் புதூர்ப் பக்கம் நான் ஒரு அழகு நிலையம் நடத்துகிறேன். சித்திரை வெயிலில், ஓலைப் பந்தலுக்கு அடியில், ஓமப் புகைக்கு முன்னால் உட்கார்ந்த எத்தனையோ பெண்களின் முகத்தைப் பந்தி முடியும்வரை காப்பாற்றிக் கொடுத்தவள் என்ற பெயர் எனக்கு உண்டு. அந்தப் பெயரை நானும் கொஞ்சம் தாராளமாகவே பரப்பிவந்தேன். அதனால் மலேசியாவில் இருக்கும் என் அக்கா கௌரி போன் செய்து, மகள் கல்யாணத்துக்கு நான் வந்துதான் அலங்காரம் செய்ய வேண்டும் என்றபோது, அன்று மாலையே பெட்டியைக் கீழே இறக்கிவிட்டேன்.

மகள் பெயர் லோஷினி. நீலாயில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். கார்களுக்கான சின்னச் சின்னப் பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற இடம் அது. சரியாக வராததைக் கண்டுபிடித்து ஒதுக்குவது அவள் வேலை. அம்பாங்கானைச் சேர்ந்த தினேஷும் அவளும் விரும்பினார்கள், இரண்டு வீட்டாரும் ஒப்புக்கொண்டார்கள், நிச்சயதார்த்தமும் நடந்தது. வினை அங்கேதான் பிடித்தது.

அன்று அலங்காரம் செய்தது அவளுடைய தோழி ஒருத்தி. கூட்டத்திலும் புழுக்கத்திலும் கண்மை கரைந்து இரண்டு கன்னத்திலும் கறுப்பாக இறங்கிவிட்டது. லோஷினி சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஆனால் போட்டோவைப் பார்த்தால், வீட்டில் அடைத்துவைத்து மிரட்டி இழுத்துவந்த பெண் மாதிரி இருந்தது. படம் இரண்டு குடும்பத்து வாட்ஸ்அப்பிலும் சுற்றியது. மாப்பிள்ளையின் அம்மா ராஜம்மா, என் அக்காவைப் போனில் கூப்பிட்டு, பெண்ணுக்குச் சம்மதம்தானா, மறைக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டார். பிறகு அவருடைய தங்கை கேட்டார். பிறகு கிள்ளானிலிருந்து யாரோ ஒரு பெரியப்பா கேட்டார். கட்டாயக் கல்யாணம் என்று ஒரு பேச்சு கிளம்பி, அது கல்யாணப் பத்திரிகைக்கு முன்னாலேயே எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

"சித்தி, கல்யாணத்தன்னிக்கு நான் அழுத மாதிரி தெரியக்கூடாது. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றாள் லோஷினி போனில். அழகாகத் தெரிய வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. தொழில்காரியான எனக்கு அது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. கல்யாணம் மண்டபத்தில் இல்லை, திறந்த வெளியில். லாபுவில் அத்தான் முன்பு லாரி ஓட்டிய தோட்டத்தின் பழைய துரை பங்களாவை யாரோ வாங்கி, வெள்ளையடித்து, விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அதன் முன்னால் பெரிய புல்வெளி. ஒரு காலத்தில் அந்தப் புல்லை வெட்டியவர் அத்தானின் அப்பா. வெட்டுகிற நேரம் தவிர அதில் அவர் கால் வைத்ததில்லை. அத்தானுக்கு அதே புல்லில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சம்பந்திக்குச் சந்தனம் கொடுக்க வேண்டும் என்று ஆசை. கூடாரம் போடலாமே என்று அக்கா கேட்டதற்கு, கூடாரத்துக்குள் உட்காருவதற்கு மண்டபத்திலேயே உட்காரலாம் என்றாராம். மணவறைக்கு மேல் மட்டும் ஒரு துணி, மற்றபடி வானம்தான் கூரை.

விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு திறந்ததும், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை யாரோ முகத்தில் போட்டது போல இருந்தது. மதுரையில் வியர்வை வரும், காற்று அடித்தால் காய்ந்துவிடும். இங்கே வியர்வை வந்த இடத்திலேயே குடியிருக்கிறது. எனக்கு நானே விளம்பரமாக இருக்கட்டும் என்று முழு அலங்காரத்தோடு இறங்கியிருந்தேன். அத்தான் வேனோடு நின்றிருந்தார். "பசியாறியாச்சா?" என்று கேட்டார். பசியாறுவது என்றால் இங்கே காலைச் சாப்பாடு. விமானத்தில் கொடுத்த ரொட்டியைச் சாப்பாடு என்று ஒப்புக்கொள்ள அவர் தயாராக இல்லை. வழியில் ஒரு கடையில் நிறுத்தி, வாழை இலையில் மடித்த நாசி லெமாக் பொட்டலத்தைக் கையில் வைத்தார். தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, நெத்திலி, கடலை, இனிப்பும் காரமுமாக ஒரு சம்பால். நம் ஊரில் இனிப்பான சட்னியை யாராவது வைத்தால் சண்டைக்குப் போவேன். அன்று பொட்டலத்தின் இலையைக்கூட வழித்துவிட்டேன்.

வேனில், இந்த ஊர்ப் பேச்சில் காடியில், ஏசி இல்லை. முன்பு இருந்ததாம். இரண்டு பக்கமும் செம்பனை வரிசை வரிசையாக ஓட, நான் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டே லாபு போய்ச் சேர்ந்தேன். அக்கா வாசலுக்கு ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். பிறகு தள்ளி நின்று பார்த்தாள். "என்னடி, முகத்துல மாவு பெசஞ்சிருக்கு?" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். வியர்வையை உறிஞ்சட்டும் என்று நான் அப்பியிருந்த பவுடர், உறிஞ்சின வியர்வையோடு சேர்ந்து திட்டுத் திட்டாகக் கிடந்தது. மதுரையில் எனக்குச் சோறு போடும் பவுடர் அது.

மறுநாள் லோஷினி விடுமுறை எடுத்திருந்தாள். நான் கொண்டுவந்த சாமான்களை மேசையில் பரப்பினேன். அவள் தன் பையிலிருந்து ஒரு சுருள் சிவப்பு ஸ்டிக்கர்களை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தாள். தொழிற்சாலையில் தேறாத பொருள் மேல் ஒட்டுவதாம். எனக்கு அப்போதே கொஞ்சம் திக்கென்றது.

நான் ஆசை ஆசையாகப் போட்டுவிட்டேன். அவள் எழுந்து போய், வாசலில் வெயிலில் நின்றாள். திரும்பி வந்து, கன்னத்தில் பஞ்சை ஒற்றிப் பார்த்தாள். பவுடருக்குச் சிவப்பு. உதட்டுச் சாயத்துக்குச் சிவப்பு. மாமியார் காலத்திலிருந்து நான் நம்பிப் பயன்படுத்தும் கண்மை டப்பா, தண்ணீர் தெளித்த உடனே ஓடியது. அதற்கு இரண்டு சிவப்பு. கூந்தலை அலையலையாகச் சுருட்டித் தொங்கவிட வேண்டும் என்பது மட்டும் அவளுடைய ஆசை. அரைமணி நேரம் சூடு வைத்துச் சுருட்டினேன். வாசல் தாண்டிய உடன் சுருள் எல்லாம் நிமிர்ந்து, பஞ்சு வெடித்த தலையணை மாதிரி ஆகிவிட்டது. தலைக்கு அடித்த ஸ்ப்ரேயின் வாசனைக்கு ஒரு தேனீ வேறு வந்து சுற்றியது. தன் ஆசைக்குத் தானே ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்துச் சீப்பின் மேல் ஒட்டிவிட்டு, "சடைதான் சித்தி, வேற வழி இல்ல லா" என்று இந்த ஊர் 'லா' போட்டுச் சொன்னாள்.

எனக்குக் கோபம்தான். எத்தனை பெண்களை அனுப்பியிருக்கிறேன், ஒருத்தியும் பஞ்சை வைத்து என்னைச் சோதித்ததில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அத்தான் "தண்ணி கலக்கட்டா?" என்று கேட்டு ஒரு டீயைக் கொடுத்தார். இங்கே குடிக்கிற எல்லாமே தண்ணிதான். டீ பாதி இறங்கியபோது லோஷினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சித்தி, எங்க லைன்ல பெயிண்ட திக்கா ஒரே பூச்சா அடிச்சா உரிஞ்சி வந்துரும். மெல்லிசா அடிச்சி, காய விட்டு, மறுபடி மெல்லிசா அடிக்கணும்."

"நீ கார் கதவு இல்லையேடி."

"அன்னிக்கு ஒரு நாளு மட்டும் கதவா இருந்துட்டுப் போறேன்" என்றாள்.

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு கோபத்தைத் தொடர்வது கஷ்டம். சிரம்பானுக்குப் போய் மழைக்கும் வேர்வைக்கும் தாங்கும் சாமான்களாகத் தேடி வாங்கினோம். மறுநாள் காலை புதிய முறையில் ஆரம்பித்தேன். முதலில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி முகம் முழுக்க ஒற்றினேன். பிறகு தேய்க்காமல், தட்டித் தட்டி, வெங்காயத்தோல் கனத்துக்கு ஒரு பூச்சு. மின்விசிறிக்கு முன் காயவைத்து, பன்னீர் தெளிப்பது மாதிரி பூச்சை நகராமல் நிறுத்தும் திரவத்தைத் தெளித்து, அதன் மேல் இன்னொரு பூச்சு. கண்ணுக்குக் கீழ் இமையில் கறுப்பே வேண்டாம் என்று முடிவு செய்தேன். கண்ணீரோ வேர்வையோ முதலில் நனைப்பது அந்த இடத்தைத்தான். மேல் இமைக்கு மட்டும் தண்ணீரில் கரையாத மை. தலையை இழுத்துப் பின்னி, சவுரி வைத்து, ஊசிகளை மாறி மாறிக் குத்தி இறுக்கினேன். லோஷினிக்குப் புருவம் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. பார்த்தால் எப்போதும் ஆச்சரியப்படுகிறவள் போல இருந்தாள். அழுத மாதிரி தெரிவதற்கு அது எவ்வளவோ மேல் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம்.

சோதனைக்கு அவள் தேர்ந்தெடுத்தது ஒரு மலாய்ச் சாப்பாட்டுக் கடை. கூரைக்குத் தகரம், மின்விசிறி ஒன்றுதான், அதுவும் முதலாளி பக்கம் திரும்பியிருந்தது. டீ சட்டை, சிலுவார் என்று இவர்கள் சொல்லும் பேண்ட், அதற்கு மேல் முழு மணப்பெண் முகம், முழங்கால்வரை சடை. அப்படியே வந்து உட்கார்ந்தாள். மஞ்சளாக, கெட்டியாக ஒரு கிண்ணம் வந்தது. மோர்க்குழம்பு என்று நினைத்துச் சோற்றில் தாராளமாக ஊற்றி ஒரு கவளம் வாயில் போட்டேன். மசாக் லெமாக் என்று பெயர். தேங்காய்ப் பாலில் ஊசிமிளகாயை அரைத்து வைப்பது, இந்த மாநிலத்துக்காரர்களின் பெருமை. வேர்ப்பதற்காகவே லோஷினி அதைச் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்ல மறந்துவிட்டாள்.

எனக்குக் கண், மூக்கு எல்லாம் திறந்துகொண்டது. முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பினேன். எதிரே லோஷினி நெற்றியில் முத்து முத்தாக வேர்வையோடு, அசையாத முகத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பூச்சு கரையவில்லை. பொய் இமை ஒன்று மட்டும் கழன்று கிண்ணத்தில் விழுந்தது. அவள் அதை விரலால் எடுத்துத் துடைத்து, காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

கடைக்கார அம்மாள் கல்லாவிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் வந்து லோஷினியிடம் தாழ்ந்த குரலில் மலாயில் ஏதோ கேட்டார். லோஷினி கையை ஆட்டி ஆட்டி மறுத்தாள். வெளியே வந்த பிறகுதான் எனக்கு மொழிபெயர்த்தாள். 'பொண்ணு, கல்யாணத்திலிருந்து ஓடி வந்துட்டியா? உங்க அம்மா இந்த அழுகை அழறாங்களே. பயப்படாம சொல்லு, பின்பக்கம் ஒரு வாசல் இருக்கு' என்று கேட்டாராம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. லோஷினிக்கு வரவில்லை. "பாத்தீங்களா சித்தி, அழுதது நீங்க, ஓடி வந்தது நான்" என்றாள். அந்தப் பேச்சு அவளை எவ்வளவு உறுத்தியிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆசைப்பட்டுக் கட்டிக்கொள்கிறவளைப் பார்த்து, ஆசை இருக்கிறதா என்று ஊர் மாற்றி மாற்றிக் கேட்டால் எந்தப் பெண்ணுக்குப் பொறுக்கும். அதற்குப் பிறகு சிவப்பு ஸ்டிக்கரைக் கண்டு நான் முகம் சுளிக்கவில்லை.

அடுத்த சோதனை குளிரும் சூடும் மாறி மாறிப் படுவது. அதற்காகச் சிரம்பானிலிருந்து லாபுவுக்கு ரயிலில் போனோம். பெண்களுக்கான பெட்டி. ஏசி நன்றாக வேலை செய்தது, காஷ்மீரில் இருப்பது போல இருந்தது. மதுரை ரயில் என்றால் ஏறியவுடன் எந்த ஊர், எந்தத் தெரு, பையனுக்குப் பெண் பார்க்கிறீர்களா என்று ஆரம்பித்துவிடுவார்கள். இங்கே எல்லோரும் மரியாதையாகப் போனைப் பார்த்துக்கொண்டு, போனுக்கு மேலாக லோஷினியைப் பார்த்தார்கள். முகத்தில் எங்கோ ஓர் ஓரம் பிரிகிறது போல எனக்குத் தோன்றியது. தெளிப்பானை எடுத்து அடித்தேன். காய ஊதினேன். மறுபடி அடித்தேன். கதவு திறந்ததும் மூடியதும் எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொள்ள நான் சொல்லியிருந்ததால் அவளுக்கும் தெரியவில்லை. லாபு பின்னால் போய்விட்டது. நீலாயில் இறங்கினோம்.

வந்ததுதான் வந்தோம் என்று, லோஷினி தாங்கள் குடிபோகப் போகும் வீட்டைக் காட்டினாள். ஒரே அச்சில் வார்த்த புது வீடுகளின் வரிசையில் ஒன்று. பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. கூடத்து ஜன்னலில் மாம்பழ நிறத்தில் ஒரு திரைச்சீலை மட்டும் தொங்கியது. ராஜம்மா வந்து மாட்டிவிட்டுப் போனதாம். அவர் விதவை, தினேஷ் ஒரே மகன். அம்பாங்கான் வீட்டில் இதுவரை தாயும் மகனும்தான். வேலைக்குப் பக்கம் என்று பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கே வருகிறார்கள். திரைச்சீலை மாட்ட வந்த அன்று ராஜம்மா இந்த வீட்டைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒன்றும் சொல்லவில்லையாம். அம்பாங்கானிலிருந்து இங்கே வர எந்த பஸ், எங்கே மாற வேண்டும் என்று மட்டும் கேட்டாராம். "ரொம்ப மரக்கட்டை மாதிரி சித்தி அவங்க. என்னெப் பிடிக்கலையோ என்னவோ" என்றாள். நான் திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்தேன். கையால் தைத்திருந்தது, மடிப்பு ஒரே சீராக இருந்தது.

திரும்பி வந்து பஞ்சை வைத்துச் சோதித்தாள். முகம் நகரவில்லை. சிவப்புச் சுருளை மூடி வைத்தாள். எனக்குப் பரீட்சையில் தேறின மாதிரி இருந்தது. ஒதுக்கின சாமான்களை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கூடையில் அள்ளிப் போட்டுக் குளியலறைப் பக்கம் வைத்தேன். அங்கே வைத்ததுதான் தவறு.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை, பங்களா புல்வெளியில் அக்கா குனிந்து குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். ஈர்க்குச்சியில் காய்ந்த மிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் செருகி, நான்கு மூலையிலும் நட்டுக்கொண்டிருந்தாள். மழை வராதாம். மலாய்க்காரர்கள் செய்வது, இங்கே நம் ஆட்களும் செய்கிறார்கள். மழை வருவதற்குக் கழுதைக்குக் கல்யாணம் செய்கிற ஊரிலிருந்து வந்தவள் நான், எனவே வாயை மூடிக்கொண்டேன். அத்தான் போனில் வானிலையைப் பார்த்து, எழுபது சதவீதம் மழை என்றார். அக்கா இன்னும் ஒரு வெங்காயத்தைச் செருகினாள்.

விடிந்தது. மேகம் ஒரு துண்டு இல்லை. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். பெய்யாத மழையெல்லாம் காற்றிலேயே நின்றது. விருந்தாளிகள் பட்டுச் சேலைக்குள் வெந்துகொண்டிருந்தார்கள். வீடியோ எடுக்கிறவரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அத்தனை பேருக்கு நடுவில் லோஷினி மட்டும், காலையில் நான் எழுப்பி நிறுத்தினபடியே, துளிப் பிசகில்லாமல் மணவறையில் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பெருமையில் தரையில் கால் பாவவில்லை. பக்கத்தில் இருந்த யாரோ, பெண்ணுக்கு ஏசி வைத்திருக்கிறார்களா என்று கேட்டதை நான் காதாரக் கேட்டேன்.

பாதபூஜை வந்தது. அக்காவும் அத்தானும் நாற்காலியில் உட்கார, லோஷினி கீழே உட்கார்ந்து, தாம்பாளத்தில் அவர்கள் காலை வைத்துக் கழுவ வேண்டும். அத்தான் காலைத் தாம்பாளத்தில் வைப்பதற்கு முன்னால், செருப்பில்லாத பாதத்தை ஒரு கணம் அந்தப் புல்லின் மேல் அழுத்தி வைத்ததைப் பார்த்தேன். லோஷினியும் பார்த்தாள் போலிருக்கிறது. தண்ணீர் ஊற்றினாள், மஞ்சள் தடவினாள். குனிந்த தலை நிமிரவில்லை. நான் பொட்டு சரிசெய்யப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் எனக்குத் தெரிந்தது. தாம்பாளத்துத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை, தோள்கூட அசையவில்லை. அழுத மாதிரி தெரியக்கூடாது என்றவள் அழுதாள்.

நிமிர்ந்தாள். நான் பயந்துபோய்ப் பார்த்தேன். முகத்தில் ஒன்றுமே இல்லை. கோடு இல்லை, கறை இல்லை, மை அசையவில்லை. கன்னத்தில் வழிந்தது வேர்வை மினுமினுப்போடு மினுமினுப்பாகக் கலந்துவிட்டது. என் வாழ்நாளில் அதற்கு நிகரான வேலையை நான் செய்ததில்லை.

அதே நேரம் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அத்தானும் அழுதிருக்கிறார், தாராளமாக. அவருடைய இரண்டு கிருதாவிலிருந்தும் கன்னத்தின் வழியாகக் கறுப்பு இறங்கியது. மீசையிலிருந்து ஒரு கோடு வாயோரத்தைச் சுற்றி முகவாய்க்கு வந்து வேட்டியில் சொட்டியது. நிச்சயதார்த்த போட்டோவில் லோஷினி எப்படி இருந்தாளோ, அச்சு அசலாக அப்படியே. காலையில் நரையை மறைக்க, குளியலறைப் பக்கம் கூடையில் சும்மா கிடந்த கண்மை டப்பாவை எடுத்துப் பூசியிருக்கிறார். இரண்டு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய டப்பா. ஸ்டிக்கர் பற்றிப் பிறகு அக்கா கேட்டதற்கு, ஏதோ நல்ல சரக்கு போல, அதனால்தான் குறி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம்.

கிள்ளான் பெரியப்பா எனக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். "பொண்ணுக்கு இஷ்டம்தான் போல. தகப்பனாருக்குத்தான் இஷ்டமில்ல" என்று பக்கத்து நாற்காலியிடம் சொன்னார்.

நான் ஈரத்துணியோடு ஓடி அத்தான் முகத்தைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அது பரவி, முகம் முழுக்கச் சாம்பல் பூசினது போல ஆயிற்று. அப்போதுதான் ராஜம்மா தன் தங்கையிடம் சொன்னது காதில் விழுந்தது. மெதுவாகத்தான் சொன்னார்.

"அப்பன் இப்படி அழுவுறாரு. மவளப் பாரு, கல்லு மாதிரி ஒக்காந்திருக்கா. பெத்தவங்கள விட்டு வர்றோமேன்னு ஒரு சொட்டு வருதா?"

எனக்கு வாய்வரை வந்துவிட்டது. ஏனம்மா, அழுதது போல இருந்தாலும் குற்றம், இல்லாவிட்டாலும் குற்றமா என்று கேட்டிருப்பேன். பெண் வீட்டுக்காரி, கையில் கறுப்புத் துணி, மேளம் வேறு கொட்ட ஆரம்பித்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். தாலி ஏறியது. நான் அட்சதை போட மறந்து நின்றேன். பாவிப் பெண்ணுக்கு இத்தனை பாடுபட்டு ஒரு கெட்ட பெயரை அழித்து, இன்னொரு கெட்ட பெயரை என் கையாலேயே பூசிவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது.

தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா மருமகளுக்குத் திருஷ்டி கழிப்பது அவர்கள் வழக்கம். ராஜம்மா மணவறை ஏறினார். இரண்டு உள்ளங்கையாலும் லோஷினியின் கன்னங்களை மேலிருந்து கீழாகத் தடவினார். அந்தக் கைகளைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிக்க வேண்டும். முறிக்கவில்லை. கைகளை விரித்துப் பார்த்தார். இரண்டு உள்ளங்கையும் நனைந்திருந்தன. தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். வெயில் கண்ணைக் குத்தியது. திரும்ப லோஷினியின் முகத்தைப் பார்த்தார், கிட்டத்தில் போய், கண்ணுக்குள். அவள் அப்போதும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

 ராஜம்மா வீடியோக்காரருக்கு முதுகு காட்டி நின்று, தன் முந்தானையால் அவள் கன்னத்தை ஒற்றினார். முந்தானையில் நிறம் ஒட்டியிருக்கிறதா என்று நான் எட்டிப் பார்த்தேன். தொழில் புத்தி. பட்டு சுத்தமாக இருந்தது. பிறகுதான் அவர் நெட்டி முறித்தார். பத்து விரலும் சொடக்குப் போட்டது.

சாயங்காலம் அதே புல்வெளியில் வரவேற்பு. பங்களாவின் பின் அறையில் லோஷினிக்குச் சேலை மாற்றி, பூவை மாற்றி அனுப்பிவிட்டேன். முகத்தில் கைவைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அத்தான் தலைக்குக் குளித்து, நரைத்த மீசையோடு வாசலில் சந்தனத்தட்டு ஏந்தி நின்றார். நான் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது கதவு மெதுவாகத் திறந்தது. ராஜம்மா. உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடி முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். காலையில் அவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. நின்றபடியே, என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"தங்கச்சி, புள்ளைக்குப் போட்டீங்களே, அதே மாதிரி எனக்கும் போட்டு வுடுறீங்களா?"

எனக்குப் புரியவில்லை. அவர் பவுடர்கூடப் பூசாதவர். கண்ணாடியில் என்னைப் பார்க்காமல், மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வரவேற்பு முடிஞ்சி அதுங்க ரெண்டும் நேரா நீலாய் வீட்டுக்குப் போவுதுங்க. காடில ஏத்தி வுடறப்ப நான் அழுதா, மருமவ மேல சங்கடத்துலதான் அழுவுறேன்னு சொல்லுவாங்க. அந்தப் பேச்சு புள்ளைக்கு வேணாம்."

நான் ஐஸ் கட்டி எடுத்து வரப் போனேன். திரும்பி வந்து அவர் கன்னத்தில் ஒற்ற ஆரம்பித்தபோதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. பூச்சு ஏறும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள் அக்கா என்றேன். சரி என்று தலையை ஆட்டினார். மெல்லிசாக ஒரு பூச்சு, காயவிட்டு இன்னொன்று. கீழ் இமையில் கறுப்பே வைக்கவில்லை.